கடையில் இருப்பதும் எமது தெரிவும்

கடைக்காரர் எமக்கு முன்னால் எவற்றை வைக்கிறாரோ அவற்றுள் ஒன்றைத்தான் நாம் வாங்குகிறோம். இது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் நாம் வாங்காமல் விடும் பொருளும் எமது தெரிவை மாற்றிவிடுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

1990களில் வடக்கில் பொருளாதாரத் தடை இருந்தபோது இந்தச் சிக்கல் எழவில்லை. சவர்க்காரம், பற்றரி, பசளை எதுவும் தாராளமாக வரவில்லை. மண்ணெண்ணெயை மிச்சம்பிடிக்க யாம் போத்தலில் விளக்குச் செய்தோம். 2002இல் ஏ-9 பாதை திறந்தபின் கடைகளில் பொருட்கள் நிறைந்தன. இல்லாமையைச் சமாளிக்கத் தெரிந்த எமக்கு, நிறைந்த கடையில் வாங்குவது புதிய பாடம்.

நீர் இறைக்கும் இயந்திரம் ஒன்று வாங்கப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். சிறியது 40,000 ரூபா, பெரியது 60,000 ரூபா. எமக்கிருப்பது நாலு பரப்பு வெங்காயம். சிறியதே போதும் என்று எண்ணுகிறோம். அப்போது பக்கத்தில் மூன்றாவது ஒன்று தெரிகிறது. பெரியதன் அதே வலுதான், ஆனால் குழாய் இல்லை, விலையோ 65,000 ரூபா. அதை எவர் வாங்குவார்? ஆயினும் அது அங்கே இருப்பதால் 60,000 ரூபா இயந்திரம் இலாபமாகத் தோன்றத் தொடங்குகிறது. எமது தோட்டம் பெருக்கவில்லை, கிணற்றில் நீர் கூடவில்லை; மனம் மட்டும் மாறிவிட்டது. இப்படி ஒரு 'ஆசைகாட்டும் பொருள்' தெரிவைத் திருப்புவதை அமெரிக்க ஆய்வாளர்களான ஹியூபர், பெய்ன், பூட்டோ ஆகியோர் 1982இல் எடுத்துக்காட்டினர்.

மூன்று விலைகள் இருந்தால் நடுவிலுள்ளதை எடுக்கும் போக்கை 1989இல் சைமன்சன் என்பவர் விளக்கினார். "மலிவானது நிலைக்காது, கூடியது எமக்கு எட்டாது" என்று நாமே நியாயம் சொல்லிக்கொள்கிறோம். நடுவிலுள்ளது எமக்கு ஏற்றதா என்பது வேறு கேள்வி. ஆகவே பரப்பு, கிணற்றின் ஆழம், குழாயின் நீளம் ஆகியவற்றை வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போக வேண்டும். கடையில் அந்தத் தாளோடு ஒப்பிடுவோம், பக்கத்து இயந்திரத்தோடு அல்ல. கையிலிருப்பது மீள்குடியேற்ற உதவிப் பணமானால் இது இன்னும் அவசியம். அது இரண்டாம் தடவை கிடைப்பதில்லை.

இடம்பெயர்ந்து வாழும் இடத்தில் நிலைமை வேறு. கொப்பியில் எழுதிக் கடன் தருவது ஒரேயொரு கடை. அங்கே இருப்பது சிறிய பக்கற் மட்டுமே. அன்றாடக் கூலியில் வாழ்பவர் சிறியதை வாங்குவதை வீண்செலவு என்று குறைகூறுவது நியாயமல்ல. பெரியதை வாங்க ஒரே நாளில் அவ்வளவு காசு இருக்காது. இங்கே நாலு குடும்பங்கள் சேரலாம். 50 கிராம் தேயிலை 130 ரூபா, 200 கிராம் 440 ரூபா எனின், நாலு சிறிய பக்கற்றுக்கு 520 ரூபா போகும். பெரியதை வாங்கிப் பங்கிட்டால் வீட்டுக்கு 20 ரூபா மிஞ்சும். ஆனால் பெரிய பக்கற் எப்போதும் மலிவு என்று நம்பிவிடவும் கூடாது. சில வேளை கணக்கு மாறியிருக்கும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்து 100 கிராமுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.