சலூன் கோர்ஸுக்கு ஒன்றரை லட்சமா? பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 3 கேள்விகள்



கீழப்பாவூரில் இருந்து தினமும் தென்காசிக்கு வேலைக்குப் போகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். சம்பளம் ₹18,000. சொந்தமா சலூன் வைக்க ஆசை. "இன்டர்நேஷனல் டிப்ளமோ, ஃபீஸ் ஒன்றரை லட்சம், லோனும் நாங்களே வாங்கித் தர்றோம்" என்று ஒரு அகாடமி சொல்லுது. சேரலாமா?

1. இந்த சர்டிஃபிகேட் இல்லாமல் தொழில் செய்ய முடியாதா?

முடியும். தமிழ்நாட்டில் முடிவெட்டுபவர் எழுத வேண்டிய லைசென்ஸ் தேர்வு என்று எதுவும் கிடையாது. உள்ளாட்சி தரும் தொழில் உரிமம் கடைக்குத்தான், ஆளுக்கு இல்லை. அமெரிக்காவில் கதையே வேற. கலிஃபோர்னியாவில் காஸ்மெட்டாலஜி லைசென்ஸ் வாங்க 1,000 மணி நேரப் பயிற்சி முடித்து, எழுத்துத் தேர்விலும் தேறணும். 2022-க்கு முன்னாடி இது 1,600 மணி நேரம். செய்முறைத் தேர்வும் இருந்தது. நம்ம ஊர் டிப்ளமோவில் "இன்டர்நேஷனல்" என்று அச்சடித்திருந்தால் மட்டும் அந்த லைசென்ஸ் கிடைத்துவிடாது.

2. தேர்வு நடத்துவது யார்?

சொல்லிக்கொடுக்கிற அகாடமியே தேர்வும் வைத்து சர்டிஃபிகேட்டும் கொடுத்தால், அதன் மதிப்பு அந்த அகாடமியின் பெயர் அளவுக்குத்தான். ஐ.டி.ஐ-யில் காஸ்மெட்டாலஜி ஒரு வருடப் படிப்பு. கடைசியில் அகில இந்தியத் தொழிற்தேர்வு, தேறினால் தேசியத் தொழிற்சான்றிதழ். அரசு ஐ.டி.ஐ என்றால் பயிற்சிக் கட்டணம் கிடையாது. ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களின் திறமையைச் சோதித்துச் சான்று தரும் 'முன் கற்றல் அங்கீகாரம்' முறையும் இருக்கு.

3. மொத்தச் செலவு எவ்வளவு?

ஒன்றரை லட்சம் கடன், 14% வட்டி, 24 மாதம் என்று வைத்தால் இ.எம்.ஐ சுமார் ₹7,200. ஒரு கட்டிங்கில் செலவு போக ₹60 நிற்கும் என்றால், இ.எம்.ஐ-க்கு மட்டும் மாதம் 120 தலை வெட்டணும். கடை வாடகை, வீட்டுச் செலவு எல்லாம் அதற்கு மேல்தான்.

அதுக்காக ஐ.டி.ஐ "இலவசம்" என்றும் நினைக்காதீங்க. வேலையை விட்டுட்டுப் போனால் ஒரு வருடச் சம்பளம் ₹2,16,000 போகும். அதுவும் செலவுதான். அதனால சம்பள வேலையில் இருக்கிறவங்க முதலில் லீவு நாட்களில் தெரிந்த சலூனில் கை பழகுங்க. கூடவே ஆறு மாத வீட்டுச் செலவுக்கான பணத்தையும் சேர்த்து வையுங்க. வேலையை விடுவது அதற்குப் பிறகுதான்.

வீட்டில் அப்பாவோ மாமாவோ சலூன் நடத்துறாங்களா? 35 வயது ஆகியிருந்தால், மாநில அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் ₹3 லட்சம் வரை கடனும், அதில் 25% மானியமும் உண்டு. மானியம் அதிகபட்சம் ₹50,000. விவரத்துக்கு மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்க.

கை சுத்தமா இருக்கா, வெட்டு நல்லா இருக்கா என்றுதான் வாடிக்கையாளர் பார்ப்பார். சுவரில் மாட்டியிருக்கிற ஃபிரேமுக்காக யாரும் இரண்டாவது தடவை வரமாட்டாங்க. லோன் ஃபார்மில் கையெழுத்து போடும் முன் இந்த மூன்று கேள்விகளையும் அகாடமியிடமே நேரா கேளுங்க. பதில் எழுத்தில் வரலையா? பணம் உங்க அக்கவுண்டிலேயே இருக்கட்டும்.