மூளைக் கட்டியும் அதன் பெயரும்

1928 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், கனடா நாட்டு மான்ட்ரியால் நகரில், வைல்டர் பென்பீல்டு என்னும் அறுவை மருத்துவர் தம்முடன் பிறந்த தமக்கையாரின் மண்டையோட்டைத் திறந்தார். அவ்வம்மையார் இளமை முதலே வலிப்பினால் வருந்தியவர். மூளையின் வலப்பக்கத்து முன்மடலில் கட்டியொன்று பரந்து கிடந்தது. அம்மடலின் பெரும்பகுதியையும் அதனுடன் சேர்த்து அகற்றியும், கட்டியை முற்றும் களைய இயலவில்லை.

அம்மையார் பிழைத்தெழுந்தார், பேச்சும் பண்பும் கெடவில்லை. எனினும், பதினைந்து திங்கள் கழிந்தபின் ஒருநாள், விருந்தினர் ஒருவர்க்கும் தம் இல்லத்தார் நால்வர்க்கும் எளிய உணவு சமைக்கப் பகல் முழுதும் முயன்றார். உண்ணும் வேளையில் பண்டங்கள் எல்லாம் அடுக்களையில் இருந்தன. ஒன்றிரண்டு அடுப்பிலும் இருந்தன. ஆனால், இறைச்சி சமைக்கத் தொடங்கப்பெறவில்லை. அம்மையார் செய்வதறியாது கலங்கி நின்றார். அன்று விருந்தினராய் வந்தவர் பென்பீல்டே. அவர் இந்நிகழ்ச்சியைப் பின்னர் 1935 இல் மருத்துவக் கட்டுரையொன்றில் எழுதினார். அதற்கு முன்னரே, 1931 இல், அம்மையார் இறந்துபட்டார்.

அக்கட்டியின் பெயர் ஒலிகோடென்ட்ரோகிளியோமா என்பது. நம் இலக்கண நூலார் வகுத்தவாறு நோக்கின் இது காரணப்பெயராம். சில கிளைகளே உடைய உயிரணுவின் கட்டி என்பது கருத்து. நரம்பிழைகளுக்கு உறை அமைக்கும் அவ்வுயிரணுவை வெள்ளிச் சாயந் தோய்த்துக் காட்டியவர் இசுபானியராகிய ரியோ ஒர்டேகா. 1924 இல் மாட்ரிட் நகர் சென்று அவரிடமே அம்முறையைப் பயின்றவர் பென்பீல்டு. ஆகவே, தமக்கையாரின் நோயை நுண்ணோக்கியில் அவரினும் நன்கறிய வல்லார் அக்காலத்துச் சிலரே. அறிந்தும் பயன் சிறிதே. பெயருக்கேற்ற மருந்து அன்று இல்லை.

நிற்க, இந்நோயை இன்று அறியுமாறு யாது? நடுவயதினர் ஒருவர்க்கு முன்னெப்போதும் இல்லாத வலிப்புத் தோன்றுதலே பெரும்பாலும் முதற் குறி. சி.டி. படத்திற் கட்டியினுள் சுண்ணப் படிவு தெரிதல் உண்டு; எம்.ஆர்.ஐ. படம் அதன் பரப்பைக் காட்டும். ஐயம் அகல, கட்டியின் துணுக்கை எடுத்து ஆராய்தல் வேண்டும். நுண்ணோக்கியில் இவ்வுயிரணுக்கள் பொரித்த முட்டை போலத் தோன்றும் என்பர். வியப்பு யாதெனின், அத்தோற்றம் உயிரணுவின் இயல்பன்று. பார்மலினில் இட்டுப் பதப்படுத்துங்கால் நேரும் மாற்றமே. வடிவை மட்டும் நம்பியதால், ஒரே கட்டிக்கு வல்லுநர் இருவர் இருவேறு பெயர் கூறுதலும் நிகழ்ந்தது.

அவ்வழக்கைத் தீர்த்தது மரபணு ஆராய்ச்சி. முதலாம் குரோமோசோமின் குறுங்கையும் பத்தொன்பதாவதன் நெடுங்கையும் ஒருங்கே இழந்த கட்டிகள் மருந்துக்கு இணங்குவன எனக் கனடா நாட்டுக் கெர்ன்கிராஸ் முதலானோர் 1998 இல் வெளியிட்டனர். ஐ.டி.எச். என்னும் மரபணுவின் மாற்றம் 2008 இல் மூளைக் கட்டிகளிற் கண்டறியப்பட்டது. இவ்விரண்டும் உடையதே இப்பெயர்க்கு உரியதென உலக சுகாதார நிறுவனம் 2016 இல் வரையறுத்தது.

இவ்வரையறை வெறும் சொல்லாராய்ச்சி அன்று. குரோமோசோம் இழப்புடைய முதிர்ந்த கட்டியினர் இருதிறத்தாரின் வாழ்நாளை ஒப்பிட்ட ஆய்வொன்று 2013 இல் வெளிவந்தது. கதிர்ச் சிகிச்சை மட்டும் பெற்றவருள் சரிபாதியினர் 7.3 ஆண்டுக்கு மேலும், அதனோடு புரோகார்பசின், லோமஸ்டின், வின்கிரிஸ்டின் ஆகிய மும்மருந்தும் பெற்றவருள் சரிபாதியினர் 14.7 ஆண்டுக்கு மேலும் வாழ்ந்தனர். அவ்விழப்பு இல்லாதார்க்கு அத்தகைய இரட்டிப்புக் கிட்டவில்லை.

கத்தியும் கைவிடப்படவில்லை. பேச்சுக்குரிய இடத்தருகே கட்டி இருப்பின், நோயாளியை விழித்திருக்கச் செய்து, அவரோடு உரையாடிக்கொண்டே அறுப்பர். மின்தூண்டலால் மூளையின் இடமறிந்து அறுக்கும் அம்முறையை மான்ட்ரியாலில் வளர்த்தவரும் பென்பீல்டே.

அறுவைக்குப்பின் எஞ்சிய இளங்கட்டிக்கு, ஐ.டி.எச். மாற்றத்தையே தாக்கும் வோராசிடெனிப் என்னும் மாத்திரைக்கு 2024 ஆகஸ்டில் அமெரிக்க அரசு இசைவளித்தது. வெறுமாத்திரை உண்டவர்க்கு நோய் வளராதிருந்த இடைநிலைக் காலம் 11.1 திங்கள், இம்மருந்து உண்டவர்க்கு 27.7 திங்கள். நோயை வேரொடு களைவதன்று இது. கதிர்ச் சிகிச்சையைத் தள்ளிவைக்க உதவுவது. கதிரால் நினைவாற்றல் குன்றக்கூடும் ஆதலின், இல்லறமும் தொழிலும் நடத்தும் வயதினர்க்கு அத்தவணை சிறிதன்று.