மருத்துவமனைக் குழந்தைக்கு ஒரு விளையாட்டுப் பை

அன்புள்ள கயல்,

கிளீவ்லாந்தில் உங்கள் மாணவர் குழு ஒரு சனிக்கிழமை கூடி, குழந்தைகள் வார்டுக்கு விளையாட்டுப் பைகள் தயாரிக்கப் போவதாக உன் அம்மா சொன்னாள். இருநூறு பை என்று இலக்கு வைத்திருக்கிறீர்களாம். கேட்டதும் மனம் நிறைந்தது. குழந்தைகள் வார்டில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால், இதைப் பற்றி உனக்குச் சொல்ல எனக்குச் சில விஷயங்கள் உண்டு. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன்.

இந்த வேலைக்கும் நீ இருக்கும் ஊருக்கும் பழைய தொடர்பு உண்டு, தெரியுமா? போலியோ வைரஸைச் சோதனைக்கூடத்தில் வளர்க்க வழி கண்டதற்காக 1954இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் டாக்டர் ஃபிரெடரிக் ராபின்ஸ். கிளீவ்லாந்து நகர மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவின் தலைவராக இருந்தவர். வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் படுக்கையில் கிடக்கும் பிள்ளைகளுக்கு மருந்து மட்டும் போதாது என்று உணர்ந்த அவர், 1955இல் எம்மா பிளாங்க் என்ற ஆசிரியையை அழைத்து வந்தார். வியன்னாவில் பிறந்து, மாண்டிசோரி முறையில் பயின்றவர் அந்த அம்மையார். விளையாட்டையும் படிப்பையும் வார்டுக்குள் கொண்டுவந்து, சிகிச்சையோடு சேர்த்து நடத்திக் காட்டினார். 1962இல் அந்த அனுபவத்தைப் புத்தகமாகவும் எழுதினார். இன்று அமெரிக்க மருத்துவமனைகளில் 'சைல்ட் லைஃப் ஸ்பெஷலிஸ்ட்' என்று ஒருவர் இருக்கிறார் அல்லவா, அந்தப் பணிக்கு உருவம் கொடுத்த இடங்களில் உன் ஊரும் ஒன்று.

அதே காலத்தில் இங்கிலாந்திலும் ஒரு கண்திறப்பு நடந்தது. ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், சிறிய அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் தங்கிய இரண்டு வயதுக் குழந்தையைப் படம் பிடித்து 1952இல் வெளியிட்டார். அப்போதெல்லாம் பெற்றோர் விரும்பிய நேரத்தில் குழந்தையைப் பார்க்க முடியாது. அழாமல் அடங்கியிருக்கும் குழந்தை தேறிவிட்டது என்றுதான் வார்டில் நினைத்தார்கள். அந்த அடக்கத்துக்குள் எவ்வளவு துயரம் இருக்கிறது என்று அந்தப் படம் காட்டியது. மருத்துவ உலகில் பலர் கோபப்பட்டார்கள். ஆனாலும் பிரிட்டிஷ் அரசு அமைத்த பிளாட் குழு 1959இல், பெற்றோர் தடையின்றி வந்து போகவும், குழந்தைகளுக்கு விளையாட்டு கிடைக்கவும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஐ.நா.வின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையும் 31ஆவது பிரிவில் விளையாட்டை உரிமையாகவே சொல்கிறது. நீங்கள் கட்டப்போகும் பையை யாரும் தானமாக நினைக்க வேண்டாம். பிள்ளைக்குச் சேர வேண்டியது அது.

விளையாட்டு ஏன் இத்தனை முக்கியம்? வார்டுக்குள் வந்த நிமிடத்திலிருந்து பிள்ளையை யாரும் எதுவும் கேட்பதில்லை. எப்போது எழுவது, எப்போது சாப்பிடுவது, எந்தக் கையில் ஊசி என்று எல்லாம் பெரியவர்கள் முடிவு. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளில் பலர், தாங்கள் செய்த ஏதோ தப்புக்குத்தான் இந்தத் தண்டனை என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அந்த நிலையில் சிவப்பா நீலமா, இதைச் செய்யலாமா வேண்டாமா என்று தானே முடிவெடுக்கும் ஒரு சின்ன வேலை கையில் கிடைத்தால், பிள்ளைக்குத் தன் மீது பிடிமானம் திரும்புகிறது. நல்ல விளையாட்டுப் பையின் பயன் இதுதான். இனிச் சொல்லப்போகும் விதிகள் எல்லாம் இதிலிருந்து வருபவை.

துணிப் பொம்மையை எடுத்துக்கொள். 1998இல் நியூயார்க்கில் தொடங்கிய புராஜெக்ட் சன்ஷைன் போன்ற அமைப்புகளின் தன்னார்வலர்கள் வெள்ளைத் துணியில் முகமில்லாத பொம்மைகளைத் தைத்து, பஞ்சடைத்து மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறார்கள். டிரிப்ஸ் எங்கே ஏறும், தையல் எங்கே வரும், முகமூடி எப்படி வைப்பார்கள் என்பதை அந்தப் பொம்மையில்தான் ஸ்பெஷலிஸ்ட் முதலில் செய்து காட்டுவார். பிறகு ஊசி கழற்றிய சிரிஞ்சும் பிளாஸ்திரியும் பிள்ளையின் கைக்குப் போகும். அதுவரை வாயே திறக்காத பிள்ளை பொம்மைக்கு ஊசி போட்டு, "அழாத, முடிஞ்சிருச்சு" என்று தட்டிக்கொடுப்பதைக் குழந்தைகள் வார்டில் வேலை பார்த்த யாரும் மறக்க மாட்டார்கள். பிள்ளையின் பயம் எதில் இருக்கிறது, எதைப் பிள்ளை தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் நமக்குத் தெரியவரும். அதனால் உங்கள் குழுவில் யாராவது ஆசையாகப் பொம்மைக்குச் சிரித்த முகம் வரையப் போனால் தடுத்துவிடு. அந்த முகம் அழுமா சிரிக்குமா என்று வரைய வேண்டியவர் அந்தப் பிள்ளைதான்.

இப்போது வேலைக்கு வருகிறேன். கடைக்குப் போகுமுன் மருத்துவமனைக்குப் போன் செய். எந்த வயதுப் பிள்ளைகள் அதிகம், என்ன தீர்ந்துபோயிருக்கிறது, எதை ஏற்க மாட்டார்கள் என்று அங்குள்ள சைல்ட் லைஃப் பிரிவில் கேட்டு எழுதிக்கொள். அவர்கள் எண்பது பை போதும் என்றால் எண்பதே செய்யுங்கள். வைக்க இடமில்லாத அலமாரியில் மீதி நூற்றிருபது பை யாருக்கும் உதவாது.

எல்லாம் புதிதாக, உறை பிரிக்காததாக இருக்க வேண்டும். வீட்டில் கிடக்கும் பொம்மைகளைத் துவைத்துக் கொடுக்கலாமே என்று யாராவது கேட்பார்கள், வேண்டாம். ஆஸ்திரேலியாவில் ஒரு குழந்தைகள் புற்றுநோய் வார்டில், தண்ணீர் தேங்கும் குளியல் பொம்மைகள் வழியாக மருந்துக்கு அடங்காத கிருமி பரவியது 1998இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. கீமோ எடுக்கும் பிள்ளைக்கு நோய் எதிர்ப்புச் சக்தி குறைவு. ஒரு பை ஒரே பிள்ளைக்கு. வீட்டுக்குப் போகும்போது அது அவனுடையது அல்லது அவளுடையது. பை போடும் நாளில் சளி, காய்ச்சல் உள்ளவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும். மற்றவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உட்காருங்கள்.

மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பையில் சிறு துண்டு எதுவும் இருக்கக் கூடாது. அமெரிக்காவில் இதற்கு ஒரு சோதனைக் குழாய் உண்டு, 31.7 மில்லிமீட்டர் விட்டம். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் அந்த வயதுக்கு ஆபத்து, தொண்டையில் சிக்கலாம். பட்டன் பேட்டரி, காந்த உருண்டை இரண்டும் எந்த வயதுக்கும் வேண்டாம். ரப்பர் பலூனும் வேண்டாம். லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் உண்டு, வெடித்த துண்டு மூச்சையும் அடைக்கும். வாசனை சேர்த்த பொருள்கள் கீமோ எடுக்கும் பிள்ளைக்குக் குமட்டலைக் கொடுக்கும். மிட்டாய், பிஸ்கட் வைக்காதீர்கள், ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றோடு இருக்கும் பிள்ளையும் அந்த வார்டில் இருக்கும்.

பையைக் கட்டி முடித்ததும் ஒரு சோதனை செய். நீயே படுத்துக்கொண்டு, ஒரு கையை அசைக்காமல் வைத்து, அந்தப் பையில் உள்ளதைச் செய்து பார். டிரிப்ஸ் ஏற்ற வென்ஃப்ளான் ஊசிக்குழாய் போட்ட கையோடு பிள்ளை அப்படித்தான் செய்தாக வேண்டும். கத்தரிக்கோல் கேட்பது, பசை ஒழுகுவது, மினுமினுப்புத் தூள் கொட்டுவது எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். சீவ வேண்டிய பென்சிலுக்குப் பதில் கிரேயான், தாள் நழுவாமல் இருக்க ஒரு அட்டை, எளிதில் உரியும் பெரிய ஸ்டிக்கர் என்று மாற்றிக்கொள்ளலாம். செய்முறையைப் படமாக வரைந்து வையுங்கள். எல்லா வீட்டிலும் ஆங்கிலம் பேச மாட்டார்கள். சோப்புக் குமிழி வைக்கலாமா என்று மட்டும் வார்டில் கேட்டுக்கொள். அனுமதித்தால் அருமையான பொருள். நீளமாக மூச்சு விட்டு ஊதும்போது பிள்ளையின் கவனம் ஊசியிலிருந்து விலகுகிறது. கவனத்தைத் திருப்பினால் ஊசி வலியும் பயமும் குறைகின்றன என்பது ஆராய்ச்சிகளில் நிலைபெற்ற விஷயம்.

பதின்ம வயதினரை மறக்காதே. நன்கொடை பெரும்பாலும் குட்டிக் குழந்தைகளுக்கே வரும். பதினைந்து வயதுப் பையனிடம் கரடி பொம்மையை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். சீட்டுக்கட்டு, நல்ல நோட்டுப் புத்தகம், ஒரிகாமி தாள், பின்னல் நூல் அவர்களுக்கு ஏற்றவை.

கடைசியாக வாழ்த்து அட்டை. "சீக்கிரம் குணமாகு" என்று எழுதாதீர்கள். வருஷக்கணக்காக நோயோடு வாழும் பிள்ளைகளும் அதைப் படிக்கிறார்கள், தங்களால் முடியாத ஒன்றைக் கேட்பதாக அவர்களுக்குத் தோன்றும். மதம் சார்ந்த வாசகம், உங்கள் முழுப்பெயர், போன் நம்பர் எதுவும் வேண்டாம். "இந்தப் பொம்மைக்கு என்ன பெயர் வைக்கப் போகிறாய்?" என்று கேட்டு எழுது. பிள்ளைக்குப் பதில் சொல்ல ஒன்று கிடைக்கும். பிள்ளைகள் பையோடு நிற்கும் போட்டோ வேண்டும் என்றும் கேட்காதே. அவர்கள் நோயுற்ற நேரம் அவர்களுக்கு மட்டும் உரியது.

உன் நண்பர்களிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. கேள்வி கேட்டால் எனக்கு எழுது. வேலை முடிந்தபின் அந்தப் பிரிவில் உள்ளவர்களிடம் எது உதவியது, எது பிரிக்கப்படாமலே கிடந்தது என்று கேட்டு வைத்துக்கொள். அடுத்த முறை அதற்கேற்ப மாற்றுங்கள். ஒரே ஒரு சனிக்கிழமையோடு நிறுத்திவிடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். வார்டுக்குப் புதுப் பிள்ளைகள் தினமும் வந்துகொண்டே இருப்பார்கள்.

அன்புடன்,
பெரியம்மா