கிதாரின் எதிரொலி: பழைய இனிமையும் புதிய கருவிகளும்

மலையடிவாரத்தில் நின்று கூவுவோனுக்கு அவன் குரலே மீண்டு வந்து விடையளித்தலை யாவரும் அறிவர். ஒலியானது காற்றிலே ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்லும் இயல்பினது. ஆதலின், 17 மீட்டர் தொலைவிலுள்ள பாறையிற் பட்டுத் திரும்புதற்கு விநாடியிற் பத்திலொரு கூறு, அஃதாவது 100 மில்லிவிநாடி, வேண்டும். இவ்வியற்கை நிகழ்ச்சியை ஒரு சிறு பெட்டியுள் அடக்கிக் காலால் மிதித்து ஏவுமாறு அமைத்த கருவியே மின்கிதார் வாசிப்போர் கையாளும் டிலே பெடல் ஆகும்.

இப்பெடல்கள் அனலாக் எனவும் டிஜிட்டல் எனவும் இருவகைப்படும். பழைய இசைத்தட்டுகளிற் கேட்கும் எதிரொலியை விரும்பும் மாணவர் இவ்விரண்டனுள் எதனைக் கொள்ளற்பாலர் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள். அனலாக் பழமைக்குரியது, டிஜிட்டல் புதுமைக்குரியது என்று பலர் எளிதில் முடிவு கட்டிவிடுகின்றனர். அம்முடிவை நம்பிப் பொருளைச் செலவிட்டபின், தாம் நாடிய ஒலி வரக் காணாது வருந்துவாரும் உளர். ஆகலின், பழைய எதிரொலி எவ்வாறு பிறந்ததென்பதை முதற்கண் அறிதல் நலம்.

காந்த நாடாவின் காலம்

1954-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்துச் சன் ஒலிப்பதிவுக் கூடத்தில், எல்விஸ் பிரெஸ்லியின் முதற் பாடல்களைப் பதிவு செய்த சாம் பிலிப்ஸ் என்பார் எதிரொலியைக் காந்த நாடாக் கருவியினாலே உண்டாக்கினார். அம்முறை எளியது. ஓடுகின்ற நாடா முதலிற் பதிவு செய்யும் தலையையும், பின்னர் அதனைப் படித்து ஒலிக்கும் தலையையும் கடந்து செல்கின்றது. தலைகளுக்கிடையே 2 அங்குல இடைவெளியும், நாடாவுக்கு விநாடிக்கு 15 அங்குல வேகமும் இருப்பின், ஒலி 133 மில்லிவிநாடி பிந்திக் கேட்கும். இங்ஙனம் ஒருமுறையே விரைந்து திரும்பும் எதிரொலியை ஸ்லாப்பேக் என்பர். ரே பட்ஸ் என்பார் இந்நாடாவை ஆம்ப்ளிபயருக்குள்ளேயே அமைத்துக் கொடுக்க, எல்விஸின் கிதார் வாசிப்பாளரான ஸ்காட்டி மூர் 1955 முதல் அதனைக் கையாண்டார்.

இங்கிலாந்தில் ஷாடோஸ் குழுவின் ஹாங்க் மார்வின், தலைகள் பல கொண்ட இத்தாலிய நாட்டு மெயாட்ஸி எதிரொலிக் கருவியைக் கொண்டு புகழ்பெற்றார்; அவர் வாசித்த அப்பாச்சி என்னும் இசை 1960-இல் வெளிவந்தது. பிங்க் பிளாய்டு குழுவினர் பின்ஸன் எக்கோரெக் என்னும் இத்தாலியக் கருவியை ஆண்டனர். அதில் நாடாவுக்கு மாறாகக் காந்த உருளையொன்று சுழலும். அமெரிக்காவின் எக்கோப்ளெக்ஸும், 1974-இல் வந்த ஜப்பானிய ரோலண்ட் ஆர்.இ.-201 கருவியும் இக்குடும்பத்தனவே.

இக்கருவிகட்கு மூன்று குறைகள் உண்டு. ஒலி மீளுந்தோறும் அதன் மேற்சுருதிக் கூர்மை மழுங்கும். மோட்டார் சிறிதே தடுமாற, சுருதி மெல்ல அசையும். மிக்க வலிமையோடு வரும் ஒலியை நாடா அமுக்கி உருட்டிவிடும். பொறியாளர் நீக்க முயன்ற இக்குறைகளே செவிக்கு இனிமையாயின. என்னை? மங்கிய எதிரொலி முதல் ஒலியோடு போட்டியிடாது அதன் பின்னே ஒதுங்கி நிற்கின்றது. மலையிலிருந்து மீளும் குரலும் அங்ஙனமே மங்கி வருதலின், செவி அதனை இயற்கையாக ஏற்றுக்கொள்கின்றது.

அனலாக் பெடலின் இயல்பு

இனி அனலாக் பெடலைக் காண்போம். 1969-ஆம் ஆண்டில் ஹாலந்து தேசத்துப் பிலிப்ஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் சாங்ஸ்டர், டீர் என்னும் இருவர் புதிய மின்கருவியொன்றைக் கண்டனர். தீப்பற்றிய வீட்டை அணைப்போர் வரிசையாய் நின்று நீர்வாளியைக் கைமாற்றுவது போல, இக்கருவியில் ஒரு மின்தேக்கி தன்னிடத்துள்ள மின்னளவை அடுத்த மின்தேக்கிக்குத் தருகின்றது. வாளி கைமாறும் வேகம் குறைந்தால் எதிரொலி பிந்தும். எம்.என். 3005 என்னும் புகழ்பெற்ற சிப்பில் 4,096 படிகள் உண்டு. அது மிகுதியாகத் தரும் தாமதம் ஏறக்குறைய 205 மில்லிவிநாடியே. வேகத்தைக் குறைக்குந்தோறும் மேற்சுருதிகளை வடிகட்டி நீக்கவேண்டும். வடிகட்டாவிடின் இரைச்சல் புகும். 1981-இல் வந்த பாஸ் டி.எம்.-2 பெடலின் எல்லை 300 மில்லிவிநாடி.

ஆகவே, அனலாக் பெடல் இருண்ட, மென்மையான எதிரொலியைத் தரும். சுருதியசைவுக்கென்று தனிப் பகுதி அமைத்தாலன்றி நாடாவின் அசைவு அதில் வாராது. அது 1970-களின் பிற்பகுதிக்கும் 1980-களுக்கும் உரிய ஒலியேயன்றி 1954-க்கு உரியதன்று. பலர் மயங்குமிடம் இதுவே.

டிஜிட்டல் பெடலின் இயல்பு

டிஜிட்டல் பெடல் ஒலியை எண்களாக மாற்றி நினைவிற் பொதிந்து வைத்து மீண்டும் ஒலியாக்குவது. 1983-இல் வந்த பாஸ் டி.டி.-2 பெடல் 800 மில்லிவிநாடி வரை தாமதம் தந்தது. அதன் எதிரொலி தெளிவானது; பழமையை நாடுவோர்க்கு அத்தெளிவே குறையாயிற்று. பிற்காலத்தில் கணிக்கும் ஆற்றல் பெருகவே, நாடாவின் மழுக்கத்தையும் அசைவையும் கணக்கினாலே பாவனை செய்யும் பெடல்கள் தோன்றின. 1999-இல் வந்த லைன் 6 டி.எல். 4 இவற்றுள் முந்தியது. ஸ்ட்ரைமன் எல் காபிஸ்தான் பிந்தியது. எனவே, 1950-களின் நாடா ஒலியை வேண்டுவோனுக்கு மெய்யான அனலாக் பெடலினும் இத்தகைய டிஜிட்டல் பெடலே நெருங்கிய உறவாதல் கூடும். மற்றும், பி.டி. 2399 என்னும் டிஜிட்டல் சிப்பால் எதிரொலியைச் செய்து, அதனை மங்கச் செய்து தரும் மலிவான பெடல்களும் பல. பெயர்ச்சீட்டு ஒன்றை மட்டும் நம்புதல் தகாது.

தெரிந்தெடுக்கும் முறை

முதலாவது, எந்த இசையை நாடுகிறோமென்று துணிக. ஸ்லாப்பேக்குக்கு 80 முதல் 140 மில்லிவிநாடியும் ஒரே மீள்வும் போதும். இதனை இருவகைப் பெடலும் தரும். ஹாங்க் மார்வினைப் போல் பல தலைகளின் எதிரொலி வேண்டின், நாடாவைப் பாவனை செய்யும் டிஜிட்டல் பெடலே தக்கது. தனிவாசிப்பின் பின்னே புகைபோற் படரும் ஒலி வேண்டின், அனலாக் கொள்க.

இரண்டாவது, தாளத்தைக் கணக்கிடுக. 60,000-ஐ ஒரு நிமிஷத்து அடிகளின் எண்ணால் வகுக்க, ஓர் அடியின் அளவு மில்லிவிநாடியில் வரும். நிமிஷத்துக்கு 120 அடியாயின் ஓரடிக்கு 500, அரையடிக்கு 250. முன்னதற்கு 300 எல்லையுள்ள பெடல் உதவாது, பின்னதற்கு உதவும்.

மூன்றாவது, கடையிற் சோதிக்கும்போது ஒரு ஸ்வரத்தைக் குறுக வாசித்துத் தந்தியைக் கையால் அடக்குக. முதல் எதிரொலியைக் கொண்டு முடிவு செய்யாது, மூன்றாவதையும் நான்காவதையும் உற்றுக் கேட்க. அவை எங்ஙனம் தேய்ந்து மறைகின்றன என்பதிலேயே கருவியின் குணம் வெளிப்படும். பின்பு மீள்வுக் குமிழை உயர்த்தி, ஒலி தானே பெருகி முழங்கும் நிலையை எளிதில் அடக்க இயலுமா என்றும் காண்க.

நான்காவது, மின்சாரம். பல பெடல்கள் 9 வோல்ட்டில் இயங்குமாயினும், டிஜிட்டல் பெடல்கள் மிகுந்த மில்லியாம்பியர் கேட்கும். மின்முனை மாறினால் கருவி கெடும். அதன் மேல் எழுதியிருப்பதைப் படித்தே இணைக்கவேண்டும்.

பொருள் சுருங்கிய மாணவர்க்கு ஒன்று கூறுவோம். உங்களிடம் டோன் குமிழுள்ள டிஜிட்டல் பெடல் ஏற்கெனவே இருப்பின், அக்குமிழைத் தாழ்த்தி, மீள்வைக் குறைத்து, எதிரொலியின் அளவை முதல் ஒலிக்குக் கீழே நிறுத்திச் சின்னாள் பழகுக. புதிய பெடல் வேண்டாமென்றே பலர்க்குத் தோன்றும். எக்கருவியாயினும் தனக்கு இட்டதையே திருப்பித் தரும். விரல் தடுமாறி எழுப்பிய ஸ்வரம் தடுமாற்றமாகவே நான்கு முறை திரும்பி வரும். செம்மையாக எழுப்பிய ஸ்வரமோ நான்கு முறையும் இனிக்கும்.