கிராண்டு உன் பேரில், வீடு அவர் கையில்

அன்பு முகிலா,

ஸ்ரீ கெம்பாங்கானில் நிலம் வாங்கிவிட்டாய் என்று அம்மா சொன்னபோது பூரித்துப்போனேன். பின்பக்கம் பலகை வீட்டில் ஒரு பெரியவர் நாற்பது வருசமாகக் குடியிருக்கிறாராம், போகமாட்டேன் என்கிறாராம். அது அடுத்த போனில்தான் வந்தது. செருப்பு வாங்கக்கூட கடையில் மூன்று தரம் நடந்து பார்க்கிற பிள்ளை நீ. நிலத்தை மட்டும் போட்டோவில் பார்த்து வாங்கியிருக்கிறாயே!

சட்டம் யார் பக்கம் என்று கேட்டாய். பெரும்பாலும் உன் பக்கம்தான், ராஜா. நம் பெரியவர்கள், “12 வருசம் அசையாமல் இருந்தால் மண்ணு நம்முது” என்பார்கள். இந்தியாவில் தனியார் நிலத்துக்கு அப்படியொரு கணக்கு உண்டு, இலங்கையில் 10 வருசம். இங்கே மலேசியாவில் 1965-ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டம் அதற்கு இடமே வைக்கவில்லை. 341-ஆவது பிரிவுப்படி, எத்தனை காலம் குடியிருந்தாலும் பதிவில் பேர் உள்ளவர் நிலத்தைத் திரும்பக் கேட்க அது தடையில்லை. அரசாங்க நிலத்துக்கு 48-ஆவது பிரிவும் இதையேதான் சொல்கிறது.

இது தெரியாமல் நம் ஆட்கள் பட்டது கொஞ்சமா? பினாங்கு கம்போங் புவா பாலாவில் தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்துப் பிழைத்த குடும்பங்கள் கூட்டரசு நீதிமன்றம் வரை போயும் ஜெயிக்கவில்லை. 2009-இல் வீடுகள் இடிபட்டன. உனக்குப் பக்கத்திலேயே, புக்கிட் ஜாலில் தோட்டத்து மக்கள் வீடு கட்ட 4 ஏக்கர் கேட்டு எத்தனை வருசம் போராடினார்கள்!

உன் தாத்தா தண்ணீர் பில்லையும் கரண்டு பில்லையும் பிஸ்கட் டின்னில் தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தார். அதுதான் வீட்டுப் பத்திரம் என்று சாகும்வரை நம்பினார். அவரிடம் இருந்த டி.ஓ.எல். அந்தந்த வருசம் டிசம்பர் 31-ஓடு முடிகிற தற்காலிக உரிமம். வாங்கியவர் போனால் அதுவும் போயிற்று, பிள்ளைக்கு வராது. டின்னில் இருந்த ஒரு காகிதமும் நிலத்தைத் தருகிற காகிதம் இல்லை. தாத்தாவைப் போலவே நம்பி அந்தப் பெரியவர் உன்னிடம் பழைய பில்களை எடுத்து நீட்டினால் சிரித்துவிடாதே.

கிராண்டு, அதாவது நிலப் பத்திரம், கையில் இருக்கிறதென்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டும் போகாதே. அவர் எப்படி அங்கே வந்தார் என்பதை முதலில் கேள். வாடகை கொடுத்து இருந்தவர் என்றால், கோர்ட்டு ஆணை இல்லாமல் வெளியேற்ற 1950-ஆம் ஆண்டுச் சட்டமே விடாது. பழைய முதலாளி, “கட்டிக்கோ, இருந்துக்கோ” என்று சொல்லி, அதை நம்பி அவர் கைக்காசைப் போட்டுக் கட்டியிருந்தால், நீதிபதி அவரை வெறுங்கையோடு அனுப்பாமலும் போகலாம். யார் அனுமதியும் இல்லாமல் நுழைந்தவர் என்றால்தான் கோர்ட்டு விதிகளில் ஆர்டர் 89 என்கிற சுருக்கு வழி. எதுவானாலும் தண்ணீரை வெட்டுவது, கூரையைப் பிரிப்பது வேண்டாம். புல்டோசர் வைத்திருக்கிற உன் கூட்டாளியை இந்த விசயத்தில் கிட்டேயே சேர்க்காதே. அவன் கல்யாண வீட்டில் பந்தல் பிரித்த அழகை நான் பார்த்திருக்கிறேன்.

இனிமேலாவது சில பழக்கம் வேண்டும், கண்ணா. வருசம் ஒரு தரம் நில அலுவலகத்தில் சாரியான் என்கிற பதிவுத் தேடல் எடுத்துப் பார், உன் பேர் இருக்கிறதா, யாராவது கேவியட் என்கிற தடை போட்டிருக்கிறார்களா என்று. நிலவரியை மே 31-க்குள் கட்டு, ரசீதைக் கார் டேஷ்போர்டில் போட்டு வெயிலில் வெளுக்கவிடாதே. அரசாங்கக் கடிதத்தை அன்றைக்கே பிரி. மாதம் ஒரு தரம் எல்லைக் கல் வரை நடந்துவிட்டு வா. பாவம் என்று யாரையாவது தங்கவைத்தால், எதற்காக, எதுவரை என்று எழுதி வாங்கிக்கொள். பழைய முதலாளி அந்த ஒரு தாளை எழுதி வாங்கியிருந்தால் இன்றைக்கு உனக்கு இந்தத் தலைவலி இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை, வக்கீல் நோட்டீஸ் போகுமுன் நீ போ. அந்தப் பெரியவரிடம் உட்கார்ந்து பேசு. உன்னால் கொடுக்க முடிந்த தொகையையும், வேறு வீடு பார்க்க ஆறு மாத அவகாசத்தையும் சொல். ஒத்துக்கொண்டால் அன்றைக்கே எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

உன் அத்தை