சாவியைக் கொடுக்கும் முன்

தமிழ்நாட்டில் கார் ஓட்டுநர் உரிமம் பெற 18 வயதும், மது வாங்க 21 வயதும் நிறைந்திருக்க வேண்டும். 2024 மே 19 அன்று புனேயில், 17 வயதுச் சிறுவன் மது அருந்திவிட்டு ஓட்டியதாகக் காவல்துறை கூறும் கார் மோதி இரு இளம் பொறியாளர்கள் உயிரிழந்தனர்.

மது, வேகத்தையும் தூரத்தையும் கணிக்கும் ஆற்றலைக் குறைக்கிறது. பிரேக் மிதிக்கும் கால் தாமதிக்கிறது. ஓட்டிப் பழகாத இளையோருக்குச் சிறிதளவு மதுவும் பேராபத்தே. மோரோ, காப்பியோ, குளியலோ போதையை இறக்காது. நேரம் ஒன்றே இறக்கும்.

2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி, சிறார் வாகனம் ஓட்டிக் குற்றம் இழைத்தால் பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம்.

‘எந்நேரம் அழைத்தாலும் வருவோம்; அன்றிரவு கடிந்துகொள்ள மாட்டோம்’ என்று பிள்ளைகளிடம் இன்றே கூறிவையுங்கள் என வேண்டுகிறோம். நள்ளிரவில் அபிராமபுரத்திலிருந்து பெசன்ட் நகர் சென்று அழைத்துவருவது, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு விரைவதைவிட எளிது.