வலி அடங்கினால் முழங்கால் குணமாகிவிட்டதா?

"வீக்கம் வற்றிவிட்டது, ஆனால் படி இறங்கும்போது முழங்கால் நழுவுகிறது." கடலூர் சாலையில் வண்டியிலிருந்து விழுந்தோரும், கபடியில் கால் திருகியோரும் எம்மிடம் கூறுவது இதுவே.

எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார்ப்பட்டை லிகமென்ட், பேச்சுவழக்கில் ஜவ்வு. முழங்காலில் முதன்மையானவை 4. உள்ளே குறுக்காக உள்ள இரண்டும் எலும்புகள் முன்பின் நகராமலும், பக்கங்களில் உள்ள இரண்டும் மூட்டு பக்கவாட்டில் சாயாமலும் காக்கின்றன. பக்க ஜவ்வுக் காயம் பெரும்பாலும் மூட்டுப் பட்டையாலேயே ஆறும். முன்குறுக்கு ஜவ்வு முற்றிலும் அறுந்தாலோ தானாக ஒட்டுவது அரிது. வலி அடங்கியபின்னும் மூட்டு நழுவும். நழுவும்தோறும் குருத்தெலும்பு சிதையக்கூடும்.

எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. ஆகவே, "எலும்பு முறியவில்லை" என்பதோடு அமைதி கொள்ளாதீர்கள். எண்ணெய் தடவி நீவவும் வேண்டாம். மருத்துவப் பரிசோதனையும், தேவையெனில் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் உண்மையைக் காட்டும்.

அறுவை சிகிச்சை எல்லோருக்கும் தேவையில்லை. தொடைத்தசைப் பயிற்சி எல்லோருக்கும் தேவை. 2022 டிசம்பர் 30 அன்று கார் விபத்தில் முழங்கால் ஜவ்வுகள் கிழிந்த கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த், அறுவை சிகிச்சைக்கும் நீண்ட பயிற்சிக்கும் பின்னர் 2024 மார்ச்சில்தான் களம் திரும்பினார். வீட்டில் இருப்போரே, நோயாளியை அவசரப்படுத்தாதீர்கள். பயிற்சியை மட்டும் ஒரு நாளும் விட விடாதீர்கள்.